இரண்டே நாளில் முடிந்த ஏலம்... மறுநாளே ஏறிய ரீசார்ஜ்! அலைக்கற்றைக் கணக்கு சொல்வது என்ன?

மொபைல் நிறுவனங்கள் ஏலத்தில் போட்டி போடுவதற்கும் நம் மாத பில்லுக்கும் என்ன சம்பந்தம்? 2010-லிருந்து நடந்ததை வரிசையாகப் பார்த்தால் விடை கிடைக்கும்.

2024 ஜூன் 25-ம் தேதி மத்திய அரசின் அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. விற்பனைக்கு வைத்த அலைக்கற்றைகளின் அடிப்படை விலை மட்டும் 96,238 கோடி ரூபாய். மறுநாளே ஏலம் முடிந்துவிட்டது. மொத்தம் ஏழே சுற்றுகள். அரசுக்குக் கிடைத்தது 11,340 கோடி ரூபாய். வைத்த சரக்கில் எட்டில் ஒரு பங்குக்குக்கூட வாங்க ஆள் இல்லை.

அதற்கு அடுத்த நாள், ஜூன் 27-ம் தேதி, ஜியோ கட்டண உயர்வை அறிவித்தது. 28-ம் தேதி ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் அறிவித்தன. ஜூலை முதல் வாரத்தில் உயர்வு அமலுக்கு வந்தது. 28 நாளுக்கு தினம் 1.5 ஜிபி தரும் ஜியோ பிளான் 239 ரூபாயில் இருந்து 299 ஆனது. அதே அளவு டேட்டாவுக்கு ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 299-ஐ 349 ஆக்கின.

"ஏலத்துல பணம் கட்டினாங்க, அதை நம்மகிட்ட வசூல் பண்றாங்க" என்று அப்போது பலரும் சொன்னார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்த ஏலத்தில் ஜியோ செலவழித்தது வெறும் 973 கோடி. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு தொகையே இல்லை. அப்படியானால் விலை ஏன் ஏறியது? ஏலத்தில் என்ன விலை போனது என்பதைவிட, ஏலத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதில்தான் விடை இருக்கிறது.

முதலில், எதை விற்கிறார்கள்?

போனுக்கும் டவருக்கும் இடையே தகவல் ரேடியோ அலையாகப் போகிறது. எந்த அதிர்வெண்ணில் யார் அனுப்பலாம் என்பதை அரசு பிரித்துக் கொடுக்கிறது. ஒரே அதிர்வெண்ணில் இரண்டு பேர் ஒரே இடத்தில் அனுப்பினால் இருவருக்கும் குழப்பம்தான். அதனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனித் துண்டு. ஏலத்தில் வாங்கினால், 20 ஆண்டுகளுக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்கும்.

துண்டு எவ்வளவு அகலம் என்பது முக்கியம். விழுப்புரம் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இது அமாவாசை இரவில் புரியும். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவத்துக்குக் கூட்டம் சேரும்போது போனில் சிக்னல் கோடு முழுசாக இருக்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ போகாது. டவர் அங்கேதான் இருக்கிறது. அலைக்கற்றையும் அதே அளவுதான். அதை ஒரே நேரத்தில் பங்கு போடும் ஆட்கள்தான் அதிகம்.

எந்த உயரத்து அலை என்பதும் முக்கியம். 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்வான அலைகள் பல கிலோமீட்டர் போகும், சுவரைத் தாண்டி வீட்டுக்குள்ளும் வரும். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தூரம் குறைவு. 26 ஜிகாஹெர்ட்ஸ் அலை சில நூறு மீட்டரிலேயே களைத்துவிடும், ஒரு மரம் குறுக்கே நின்றாலும் தடுமாறும். நகரத்தின் நெரிசலுக்கு மேல் அலைகள் உதவும். வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் வயல்வெளி ஊர்களுக்குத் தாழ்வான அலைகள்தான் ஆதாரம்.

திருவாமாத்தூர் எந்தக் கணக்கில் வருகிறது?

அலைக்கற்றையை ஊர் ஊராக ஏலம் விடுவதில்லை. நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். சென்னை, புதுச்சேரி எல்லாம் சேர்ந்து தமிழ்நாடு ஒரே வட்டம். சென்னை தி.நகருக்கும், விழுப்புரத்தை ஒட்டி பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூருக்கும் ஒரே ஏலம், ஒரே உரிமம். ரீசார்ஜ் விலையும் ஒன்றே.

வித்தியாசம் டவரில் வருகிறது. வட்டம் முழுக்க உரிமை வாங்கிய நிறுவனம், அந்த அலையை எங்கே முதலில் ஏற்றும்? எங்கே வாடிக்கையாளர் நெருக்கமாக இருக்கிறாரோ அங்கே. 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது தமிழ்நாட்டில் முதலில் கிடைத்தது சென்னையில்தான். சேவையை விரிவாக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏல ஆவணங்களில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் நகரங்களையும் ஒன்றியத் தலைநகரங்களையும் எண்ணும் கணக்கு. கிராமத்தைப் பெயர் சொல்லி எண்ணும் கணக்கு இல்லை.

எனவே ஒரு கிராமத்துக்கு நல்ல சிக்னல் வருவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். "நாம போகலைன்னா அவன் போயிடுவான்" என்று ஒரு நிறுவனம் இன்னொன்றைப் பார்த்துப் பயப்பட வேண்டும். அந்தப் பயம் குறைந்தால் டவரும் குறையும், சலுகையும் குறையும்.

ஏலம் ஏன் வந்தது?

2008 ஜனவரியில் 122 புதிய 2ஜி உரிமங்கள் 'முதலில் வருபவருக்கு முன்னுரிமை' என்ற முறையில் வழங்கப்பட்டன. நாடு முழுவதுக்குமான உரிமத்தின் விலை 1,658 கோடி ரூபாய். அது 2001-ம் ஆண்டில் நிர்ணயித்த விலை. அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ.ராசா மீது குற்றச்சாட்டு எழுந்தது. 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்ற சிஏஜி அறிக்கை 2010-ல் வந்தது. 2012 பிப்ரவரி 2-ம் தேதி உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. கிரிமினல் வழக்கில் 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது.

வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். அதன்பிறகு மொபைல் அலைக்கற்றை என்றாலே ஏலம்தான் என்பது நடைமுறையானது. ஏலம் வெளிப்படையானது, யாருக்கும் வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது, யாரால் அதை நன்றாகப் பயன்படுத்த முடியுமோ அவரே அதிக விலை கொடுப்பார் என்பது இதன் பின்னால் இருக்கும் வாதம். அமெரிக்கா 1994-ல் பல சுற்று ஏல முறையில் அலைக்கற்றை விற்றது. அந்த முறையை வடிவமைத்ததில் பங்குள்ள பால் மில்கிராம், ராபர்ட் வில்சன் இருவருக்கும் 2020-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.

ஆனால் இந்த வாதத்துக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஏலம் சரியாக வேலை செய்ய, எதிரும் புதிருமாகக் கை தூக்க ஆட்கள் வேண்டும்.

ஏலத்தில் ஜெயித்து சந்தையில் தோற்ற ஏர்செல்

ஆட்கள் நிறைய இருந்த ஏலம் 2010-ல் நடந்தது. 3ஜி அலைக்கற்றைக்கு 183 சுற்றுகள், 34 நாள்கள். தமிழ்நாடு வட்டத்தின் அடிப்படை விலை 320 கோடி. கடைசியில் நின்ற விலை 1,464.94 கோடி. நாலரை மடங்கு! ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் ஆகிய மூன்றும் தமிழ்நாட்டில் ஜெயித்தன.

ஏர்செல், தமிழ்நாட்டில் பிறந்த நிறுவனம். சி.சிவசங்கரன் 1999-ல் இங்கே தொடங்கியது. பிறகு மலேசியாவின் மேக்சிஸ் கைக்குப் போனது. சிஎஸ்கே ஜெர்சியில் அதன் பெயர் இருந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2010-ல் அது 13 வட்டங்களில் 3ஜி அலைக்கற்றைக்கு சுமார் 6,500 கோடியும், எட்டு வட்டங்களில் பிராட்பேண்ட் அலைக்கற்றைக்கு 3,438 கோடியும் கொடுத்தது. கிட்டத்தட்ட 10,000 கோடி ரூபாய்.

வாங்கிய அலையை ஓட்ட டவர் வேண்டும், கேபிள் வேண்டும், கருவி வேண்டும். அதற்கெல்லாம் தனியாகக் கடன். 2016 ஏப்ரலில் அந்த எட்டு வட்டங்களின் பிராட்பேண்ட் அலைக்கற்றையை 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்கே விற்க ஒப்பந்தம் போட்டது. ஆறு வருடம் கழித்து, ஏறத்தாழ வாங்கிய விலைக்கே! தமிழ்நாடு வட்டமும் அதில் அடக்கம். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் இணையும் திட்டம் 2017 அக்டோபரில் முறிந்தது.

2018 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுக்க ஏர்செல் சிக்னல் விழுந்தது. வேறு நிறுவனத்துக்குப் போர்ட் பண்ண வேண்டுமென்றால் எஸ்எம்எஸ் அனுப்பிக் குறியீட்டு எண் வாங்க வேண்டும். நெட்வொர்க்கே இல்லாத சிம்மில் எஸ்எம்எஸ் எப்படிப் போகும்? ஏர்செல் கடைகள் முன்னால் வரிசை நின்றது. வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் இணைத்திருந்த எண் போய்விடுமோ என்ற பதற்றம் அது. அந்த மாதக் கடைசியில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்கு மனு செய்தது.

2010-ல் ஏலம் சிறப்பாக வேலை செய்தது என்று அரசு சொல்லிக்கொள்ளலாம். 3ஜி, பிராட்பேண்ட் இரண்டிலும் சேர்த்து ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் வந்தது. ஆனால் அன்று கை தூக்கியவர்களில் பலர் அடுத்த ஏலங்களில் கை தூக்க உயிரோடு இல்லை.

பத்துப் பேர் நான்கு பேரானது எப்படி?

2010 வாக்கில் தமிழ்நாட்டில் சிம் வாங்கப் போனால் ஏர்செல், ஏர்டெல், வோடஃபோன், பிஎஸ்என்எல், ரிலையன்ஸ், டாடா டோகோமோ, ஐடியா, எம்டிஎஸ், யுனினார், வீடியோகான் என்று கடைக்காரர் அடுக்குவார். டாடா டோகோமோ 2009-ல் 'ஒரு விநாடிக்கு ஒரு பைசா' என்றதும் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அதே வழிக்கு வந்தார்கள். போட்டி என்றால் இதுதான்.

2016 செப்டம்பர் 5-ம் தேதி ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை எல்லாமே இலவசம். டேட்டா விலை தரைக்கு வந்தது, கிராமத்து இளைஞர் கையிலும் 4ஜி வந்தது. இது மறுக்க முடியாத பலன். அதே வேகத்தில், கடனில் இருந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. யுனினார் என்று தொடங்கிய டெலினாரும், டாடாவின் மொபைல் சேவையும் ஏர்டெல்லோடு சேர்ந்தன. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் மொபைல் சேவையை மூடியது. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட்டில் ஒன்றாகின. 2019 அக்டோபரில் உரிமக் கட்டண பாக்கி பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வோடஃபோன் ஐடியாவின் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றியது.

இன்று மொபைல் இணைப்புகளில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு ஜியோ, ஏர்டெல் இரண்டின் கையில்.

2022: 1.5 லட்சம் கோடி... ஆனால் போட்டி எங்கே?

5ஜிக்காக 2022 ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை நடந்த ஏலம் 1,50,173 கோடி ரூபாய் ஈட்டியது. இந்தியாவில் அதுவரை நடந்த அலைக்கற்றை ஏலங்களில் அதுதான் பெரியது. ஜியோ 88,078 கோடி, ஏர்டெல் 43,084 கோடி, வோடஃபோன் ஐடியா 18,799 கோடி, அதானி 212 கோடி.

தொகை பெரிது என்பதால் போட்டி கடுமை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான அலைக்கற்றை அடிப்படை விலைக்கே போனது. விலை ஏறியதெல்லாம் முக்கியமாக உத்தரப் பிரதேசம் கிழக்கு வட்டத்தின் 1800 மெகாஹெர்ட்ஸில்தான். 2010-ல் தமிழ்நாட்டில் நாலரை மடங்கு ஏறிய கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு நிறுவனம் ஒரு வகை அலைக்கற்றையில் 40 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது அந்த ஏலத்தின் உச்சவரம்பு. கணக்கு எளிது: இரண்டு பேர் சேர்ந்தால் 80 சதவீதம். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் மீதி 20-தான். உச்சவரம்பு ஒரே முதலாளி வருவதைத் தடுக்கும். இரண்டு முதலாளிகள் வருவதைத் தடுக்காது.

கிராமங்களுக்கு முக்கியமான 700 மெகாஹெர்ட்ஸ் கதை தனி. 2016-லும் 2021-லும் அதை வாங்க ஒருவர்கூட வரவில்லை, அடிப்படை விலை அவ்வளவு உயரம். 2022-ல் விலையைக் குறைத்த பிறகு 22 வட்டங்களிலும் வாங்கியது ஜியோ மட்டும்தான். வயல்களைத் தாண்டி வீட்டுக்குள் வரக்கூடிய அலை இத்தனை வருடம் யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடந்தது. அந்த நஷ்டம் எந்த சிஏஜி அறிக்கையிலும் எண்ணாக வராது.

நான்காவதாக வந்த அதானி நிறுவனத்துக்கு தமிழ்நாடு உட்பட ஆறு வட்டங்களில் அலைக்கற்றை கிடைத்தது. பொதுமக்களுக்கு சிம் விற்க வருவார்களோ என்று பேச்சு எழுந்தது. 2025-ல் அந்த அலைக்கற்றையும் ஏர்டெல்லுக்குக் கைமாற ஒப்பந்தமானது.

ஏலத் தொகைதான் ரீசார்ஜை ஏற்றுகிறதா?

இங்கே இரண்டு வாதங்கள் மோதுகின்றன.

நிறுவனங்கள் சொல்வது: அலைக்கற்றைக்கும் 5ஜி கருவிகளுக்கும் லட்சக்கணக்கான கோடி போட்டிருக்கிறோம், ஒரு வாடிக்கையாளரிடம் மாதம் 300 ரூபாயாவது வந்தால்தான் தொழில் ஆரோக்கியமாக இருக்கும். 2024 உயர்வின்போது ஏர்டெல் வெளிப்படையாகவே இதைச் சொன்னது. அப்போது அதன் சராசரி வருமானம் 209 ரூபாய். 2025 ஜூன் காலாண்டில் 250 ஆனது. ஜியோவுக்கு 181.7 ரூபாயாக இருந்தது 208.8 ஆனது.

பொருளாதாரப் பாடம் சொல்வது வேறு: கட்டிய பணம் கட்டியதுதான். கடைக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தார் என்பதற்காக யாரும் டீக்கு ஐந்து ரூபாய் கூடக் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடையில் என்ன விலை என்றுதான் பார்ப்பார்கள். 2010-ல் கொட்டிக் கொடுத்த நிறுவனங்களும் அதன்பிறகு விலையை ஏற்ற முடியாமல்தான் தவித்தன, காரணம் பக்கத்திலேயே ஒன்பது கடை இருந்தது.

இரண்டும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. ஏலத் தொகை நேரடியாக உங்கள் பில்லில் ஏறுவதில்லை. அது யார் பிழைப்பார், யார் மூடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. மூடிய கடைகளின் எண்ணிக்கைதான் பிறகு பில்லில் ஏறுகிறது. 2025 ஆகஸ்ட்டில் ஜியோ தன் செயலியில் இருந்து 249 ரூபாய் பிளானை எடுத்தது. அடுத்த சில நாளில் ஏர்டெல்லும் தன் 249 ரூபாய் பிளானை நிறுத்தியது. இருவரும் பேசி வைத்துச் செய்தார்கள் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. இரண்டே பெரிய கடை இருக்கும் தெருவில், ஒருவர் விலைப் பலகையை மாற்றினால் மற்றவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்வார்.

போர்ட் பண்ணிட்டுப் போயிடலாமா?

2024 ஜூலையில் பலர் அதைத்தான் செய்தார்கள். அந்த ஒரு மாதத்தில் பிஎஸ்என்எல்லுக்கு சுமார் 29 லட்சம் இணைப்புகள் கூடின. விலையை ஏற்றாத ஒரே நிறுவனம் அது. அரசு அதற்கு ஏலம் இல்லாமலேயே அலைக்கற்றை கொடுத்திருக்கிறது, 700 மெகாஹெர்ட்ஸ் உட்பட. ஆனால் மற்றவர்கள் 5ஜியில் ஓடும்போது அதன் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி 2025 செப்டம்பரில்தான் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. போனவர்கள் தங்குவார்களா என்பது டவரைப் பொறுத்தது.

வோடஃபோன் ஐடியா கதை விநோதமானது. அது கட்ட வேண்டிய பாக்கியைப் பங்குகளாக மாற்றியதில், 2025-ல் மத்திய அரசின் பங்கு 48.99 சதவீதம் ஆனது. ஏலம் விடுபவர், பாக்கி வசூலிப்பவர், நாலில் ஒரு நிறுவனத்தை நேரடியாக நடத்துபவர், இன்னொன்றில் பெரிய பங்குதாரர்... எல்லாம் ஒரே அரசு. மூன்றாவது தனியார் நிறுவனம் விழாமல் இருக்க அரசே முட்டுக்கொடுக்க வேண்டிய நிலை.

என்ன செய்யலாம்?

ஏலத்தை விட்டுவிட்டு பழைய முறைக்குப் போகச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஏலத்தின் நோக்கத்தை மாற்றலாம். ஜெர்மனி 2010-ல் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது ஒரு நிபந்தனை வைத்தது: இணையம் சரியாக இல்லாத சிற்றூர்களை முதலில் முடி, பிறகுதான் நகரத்துக்குப் போகலாம். விலையைக் குறைத்து, பதிலுக்கு ஊர்ப் பட்டியலோடு வாக்கு வாங்குவது இங்கேயும் சாத்தியம்தான். திருவாமாத்தூர் வட்டப்பாறை முன்னால் பொய்ச் சத்தியம் செய்தால் தப்ப முடியாது என்பது அந்த வட்டார நம்பிக்கை. ஏல நிபந்தனைக்கும் அப்படித் தப்ப முடியாத அபராதம் இருந்தால்தான் அர்த்தம்.

டவரைப் பகிர்வது இன்னொரு வழி. அரசு நிதியில் கட்டிய 4ஜி டவர் ஒன்றில், ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் சிம்கள் வேலை செய்யும் வசதி 2025 ஜனவரியில் அறிமுகமானது. ஒரு டவர் மட்டுமே கட்டுப்படியாகும் ஊரில், போட்டியை உயிரோடு வைக்க இது உதவும்.

வாடிக்கையாளர் கையிலும் சில கருவிகள் உண்டு. ட்ராய் உத்தரவின்படி ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் கவரேஜ் வரைபடத்தை வெளியிட வேண்டும். போர்ட் பண்ணும் முன் வீடு, அலுவலகம், சொந்த ஊர் மூன்றையும் அதில் தேடிப் பார்க்கலாம். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு டேட்டா தேவையில்லை என்றால், அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட பிளான் 2025 ஜனவரி முதல் கட்டாயமாக இருக்க வேண்டும். செயலியில் அது கீழே எங்கேயோ இருக்கும், தேடினால் கிடைக்கும்.

அடுத்த ஏலம் வரும்போது 'எத்தனை லட்சம் கோடி' என்பதுதான் தலைப்புச் செய்தியாக இருக்கும். கூடவே மூன்று எண்களைத் தேடிப் படியுங்கள்: எத்தனை நிறுவனங்கள் வந்தன, எத்தனை சுற்று நடந்தது, எவ்வளவு அலைக்கற்றை விற்காமல் கிடக்கிறது. அடுத்த வருடம் ரீசார்ஜுக்கு எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்பதற்கு அந்த மூன்றும்தான் நெருக்கமான குறிப்பு.